ஃபேன் சுற்றவில்லை என்றால் மோட்டார்தான் போச்சா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். உங்களிடம் இருப்பது 2013 மாடல் பெட்ரோல் கார். ஓமலூர், தர்மபுரி என்று பைபாஸில் ஓட்டினால் வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது. சேலம் ஐந்து ரோட்டில் நெரிசலில் பத்து நிமிஷம் மாட்டினால் மெல்ல ஏறுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது 11-வது கொண்டை ஊசி வளைவில் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் அசையவில்லை. ஏசி போட்டபோது ஒரு தடவை சுற்றியது, அடுத்த தடவை சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஃபேன் செட்டையே மாற்ற வேண்டும், 9,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா, ரிப்பேர் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஃபேன் சுற்றவில்லை என்பதால் கெட்டது ஃபேன்தான் என்று எப்படி முடிவு செய்தார்கள்? யாராவது அந்த மோட்டாருக்கு நேராகக் கரன்ட் கொடுத்துப் பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் அந்த ஒரு வரி இல்லை.

நான் சேலத்தில் 26 வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். ஏற்காடு அடிவாரத்திலிருந்து கட்டி இழுத்து வந்த வண்டிகளை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். ‘ஃபேன் போச்சுண்ணே’ என்று வரும் வண்டிகளில் பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும். சுற்று என்ற உத்தரவு எங்கோ வழியில் அறுந்திருக்கும். உங்கள் வண்டியை நான் கையால் தொடவில்லை. ஆகவே இதுதான் கோளாறு என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வரிசையில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆளைப் பிடித்துவிடலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

பைபாஸில் நன்றாக இருக்கிறது, மெதுவாகப் போனால் சூடாகிறது என்று நீங்கள் எழுதியது பெரிய தகவல். 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், அங்கே ஃபேனுக்கு வேலையே இல்லை. சிக்னலில் நிற்கும்போதும், இரண்டாவது கியரில் மலை ஏறும்போதும்தான் ஃபேன் இல்லாமல் முடியாது. மலையில் இன்ஜின் முழு மூச்சாக உழைக்கிறது, வண்டியோ 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இன்ஜினைக் குளிர வைக்கும் திரவமான கூலன்ட் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பழைய அம்பாசிடரில் ஃபேனை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றியது, இன்ஜின் முறுக்கினால் ஃபேனும் முறுக்கும். இன்றைய கார்களில் அது தனி மோட்டார், யாராவது சொன்னால்தான் சுற்றும். உங்கள் வண்டி நேர்மாறாக, வேகமாகப் போனால் சூடாகி, நின்றால் ஆறியிருந்தால், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேடச் சொல்லியிருப்பேன். ஆக, காற்றோட்டத்தில்தான் குறை என்ற வரைக்கும் உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் சரியான பாதையில்தான் இருக்கிறார்.

ஆனால் ஏற்காட்டுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நம் ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓடத் தொடங்குவதே 92-லிருந்து 98 டிகிரிக்குள்தான். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் பதமாக இருந்தால் கவலையில்லை, அது உள்ளே ஒரு பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், வெறும் தண்ணீரே 118, 120 டிகிரி வரை தாங்கும். சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே தாங்கும். அந்த மூடியின் ரப்பர் வெடித்து, டேங்கில் போர் தண்ணீரும் ஊற்றியிருந்தால் என்ன ஆகும்? மேல் வளைவுகளில் ஃபேனுக்கு உத்தரவு வருவதற்கு முன்பே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். பானெட்டைத் திறப்பவர் கண்ணில் படுவது ஆவியும் சுற்றாத ஃபேனும். பழி ஃபேன் மேல் விழும். இந்த மாதிரி ஒரு வண்டிக்கு நான் மாற்றியது மூடி மட்டும்தான். அதன் பிறகு அந்த வண்டி பலமுறை மலை ஏறி இறங்கிவிட்டது.

அதனால் மின்சாரத்தில் கை வைப்பதற்கு முன், வண்டி முழுக்க ஆறிய பிறகு, காலையில் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும். பக்கத்து டப்பாவில் அளவு சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், டப்பா நிறைந்து ரேடியேட்டர் காலியாக இருந்த வண்டிகள் உண்டு. கூலன்ட் குறைந்தால் கொதிப்பதோடு விஷயம் முடிவதில்லை. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். அந்த இடத்தில் காற்றுக்குமிழ் நின்றுவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் சென்சார் குறைவாகவே காட்டும், ஃபேனுக்கு உத்தரவு போகாது. அண்மையில் ஹோஸ் மாற்றினீர்களா, கூலன்ட் மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மாற்றியிருந்தால் காற்று முழுதாக வெளியே எடுக்கப்படாமல் இருக்கலாம். சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் ஒட்டிக்கொண்டாலும் இதே நாடகம்தான், குறிப்பாக ரேடியேட்டரிலேயே சுவிட்ச் வைத்த பழைய வண்டிகளில். இன்ஜின் கொதிக்கும், ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கும், ஃபேன் சும்மா நிற்கும். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் துணி வைத்துத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே தொட முடியாத சூடு, கீழே பச்சைத் தண்ணீர் போல இருந்தால் வால்வைச் சந்தேகப்படுங்கள்.

இது எல்லாம் சரியாக இருந்தால்தான் கரன்ட் பக்கம் வர வேண்டும். ஃபேனுக்கு உத்தரவு போகும் வழி இதுதான்: சென்சார் வெப்பத்தை அளந்து ஈசிஎம் என்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்கிறது, ஈசிஎம் ரிலே என்கிற மின் சுவிட்சின் காயிலை இயக்குகிறது, ரிலே பேட்டரி கரன்ட்டை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது, மோட்டாரிலிருந்து எர்த் வழியாகக் கரன்ட் திரும்புகிறது. இதில் எந்தக் கண்ணி விட்டாலும் வெளியே தெரிவது ஒன்றே ஒன்றுதான், ஃபேன் சுற்றவில்லை. இதை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவது வீண் வேலை. நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். அந்த நடு இடம் மோட்டாரின் கப்ளர், வயர்கள் வந்து செருகும் இணைப்பு.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று ஓடும், விரல் போன ஆளை நான் பார்த்திருக்கிறேன். கப்ளரைப் பிரியுங்கள். மோட்டார் பக்கம் கெட்டியான இரண்டு வயர் மட்டும் இருந்தால் அது சாதாரண மோட்டார். மூன்று நான்கு வயர் இருந்தாலோ, மோட்டார் முதுகில் சிறிய அலுமினியப் பெட்டி ஒட்டியிருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். சில வண்டிகளில் அது இரண்டு வேக மோட்டாராக இருக்கும், சிலவற்றில் மின்னணு முறையில் வேகத்தை மாற்றும் வகையாக இருக்கும். இரண்டாவது வகைக்கு நேர் கரன்ட் கொடுத்தால் நீங்களே அதைக் கொன்றுவிடலாம். வயரிங் படம் பார்த்தவர்தான் அதில் கை வைக்கலாம். இரண்டு வயர் மோட்டார் என்றால் 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர் எடுத்து, நடுவில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டர் போட்டு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கொடுங்கள். எல்லா இணைப்பையும் முடித்துவிட்டுக் கடைசியாக ஃபியூஸைச் செருகினால் பேட்டரி அருகே பொறி பறக்காது. மோட்டாரின் எர்த்தையும் பேட்டரி நெகட்டிவுக்கே நேராகக் கொண்டு போங்கள்.

இப்போது மோட்டார் தயக்கமில்லாமல் எடுத்து, பத்து நிமிஷம் ஒரே சீராக ஓடினால் 9,500 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் குற்றவாளி இல்லை. வயரைக் கவ்விக் கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் கரன்ட்டையும் பார்த்துவிடுவது நல்லது. உங்களுடையது போன்ற சிறிய காரில் 7-லிருந்து 12 ஆம்பியர் வரை இழுப்பதைத்தான் நான் வழக்கமாகப் பார்க்கிறேன். 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் இறுகுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மோட்டார் ஓடத்தான் செய்யும், ஆனால் கப்ளரையும் ரிலேயையும் சேர்த்து எரித்துவிட்டுத்தான் சாகும்.

மோட்டார் நல்லது என்று தெரிந்துவிட்டால், அடுத்தது ரிலே. ஃபியூஸ் பெட்டியில் அதே அளவு, அதே எண் உள்ள ஹாரன் ரிலேயோ வேறொன்றோ இருக்கும், இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘டிக்’ சத்தம் வருகிறது, ஆகவே ரிலே நல்லது என்று நினைக்கக் கூடாது. சத்தம் காயிலுடையது. உள்ளே கான்டாக்ட் கருகியிருந்தாலும் சத்தம் வரும், கரன்ட் போகாது, அல்லது நினைத்தால் போகும், நினைத்தால் போகாது. ஒரு தடவை சுற்றியது, அடுத்த தடவை சுற்றவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கப்ளர் உள்ளே கருகி லூஸாக இருந்தாலும் பொருந்தும், மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் பொருந்தும். இந்த மூன்றில் எது என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பல வண்டிகளில் ஏசி போட்டால், ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசர் பிடித்துச் சுற்றும் நேரத்தில் அல்லது கேஸ் அழுத்தம் ஏறிய பிறகுதான் ஃபேன் ஓடும். இரண்டாவது தடவை நீங்கள் பார்த்த நொடியில் கம்ப்ரசர் விட்டிருந்தால், ஃபேன் நின்றதில் தப்பே இல்லை. கம்ப்ரசர் பிடித்திருக்கிறதா என்று அதன் முன்தட்டைப் பார்த்துக்கொண்டே சோதியுங்கள்.

வோல்ட் பார்ப்பதில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறோம். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். உடனே ‘கரன்ட் வருது, மோட்டார்தான் அவுட்’ என்று சொல்லிவிடுகிறோம். மீட்டருக்கு வேண்டியது துளிக் கரன்ட். வயரில் இருக்கும் இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். அந்த ஒற்றை இழையால் 10 ஆம்பியர் மோட்டாரைச் சுற்ற வைக்க முடியாது. ஆகவே மீட்டருக்குப் பதிலாக 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்து டெஸ்ட் லாம்ப் செய்துகொள்ளுங்கள், அது பளிச்சென்று எரிய வேண்டும். அதைவிட நல்ல வழி, கப்ளரைப் பூட்டியபடியே, ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அளப்பது. மோட்டாரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அங்கே 2, 3 வோல்ட் நின்றால் எர்த் துருப்பிடித்திருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் ரிலே, ஃபியூஸ் கிளிப், கப்ளர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். தொழிலுக்கு வந்து ஆறேழு வருஷம் இருக்கும், அஸ்தம்பட்டிக்காரர் ஒருவரின் வண்டிக்கு மீட்டரை நம்பிப் புது மோட்டார் போட்டேன். மூன்றாம் நாள் வண்டி கோரிமேட்டில் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னால், பாடியில் எர்த் முடுக்கிய போல்ட்டின் அடியில் பச்சைப் பாசி. மணல் பேப்பர் வைத்துத் தேய்த்து முடுக்கியதும் ஃபேன் சீறிக்கொண்டு ஓடியது. கழற்றி வைத்திருந்த பழைய மோட்டாரும் ஓடியது. மோட்டார் காசை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நேர் கரன்ட் கொடுத்துப் பார்க்காமல் எந்த மோட்டாரையும் நான் கழற்றுவதில்லை.

எர்த்தும் ரிலேயும் நல்லது, ஆனால் ரிலேக்கு உத்தரவே வரவில்லை என்றால் சென்சார் பக்கம் போகலாம். இன்ஜின் ஓடும்போது கூலன்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஈசிஎம் பயந்துபோய், எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓட விடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம். அப்படி ஃபேன் ஓடினால் ஈசிஎம், ரிலே, வயர், மோட்டார் நான்கும் ஒரே அடியில் தேறிவிட்டன, சந்தேகம் சென்சார் மேலும் கூலன்ட் மேலும்தான். சென்சாரை மீட்டரில் பார்த்தால் ஆறிய இன்ஜினில் 2,000 ஓம்ஸுக்குக் கொஞ்சம் மேலே கீழே இருக்கும், 80 டிகிரியில் 300 ஓம்ஸ் சுற்றுவட்டாரத்துக்கு இறங்கிவிடும். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம். சூடாகச் சூடாக இடையில் துள்ளாமல் சீராக இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஈசிஎம்மைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போனால் வேலை இன்னும் சுலபம். ஸ்கேனர் 101 டிகிரி காட்டும்போதும் உத்தரவு போகவில்லையா, அல்லது ஸ்கேனரே 80 டிகிரிதான் காட்டுகிறதா என்று பார்த்தால் பாதி வழக்கு முடிந்தது. பழைய மாருதி 800 மாதிரி வண்டிகளில் ஈசிஎம் கிடையாது, இரண்டு வயர் தெர்மோ சுவிட்ச் ஒன்றுதான். அந்த இரண்டு வயரையும் ஒன்றாகத் தொட்டால் ஃபேன் ஓட வேண்டும்.

இரண்டு வேகத்தில் ஓடும் ஃபேன் என்றால் இன்னொரு ஆள் இருக்கிறான், ரெசிஸ்டர். மெதுவான வேகத்துக்கு மட்டும் கரன்ட் அதன் வழியாகப் போகும். அது அறுந்தால் மெதுவான வேகம் செத்துவிடும், வெப்பம் மிகவும் ஏறிய பிறகு வேகமான ஓட்டம் மட்டும் காதைப் பிளந்துகொண்டு வரும். முள் ஏறுவதும் தடாலென்று இறங்குவதுமாக இருக்கும் வண்டிகளில் இதைப் பாருங்கள். பல வண்டிகளில் ரெசிஸ்டர் தனியாகவே கிடைக்கும், அதற்காக ஃபேன் செட்டை மாற்றத் தேவையில்லை.

எஸ்டேட்டில் ராத்திரி நிறுத்தி வைக்கும் வண்டிகளில் எலி தனிப் பிரச்சினை. காபி எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு வண்டியில், ஏர் பில்டருக்கு அடியில் சருகு சேர்த்துக் கூடு கட்டி, சென்சாரின் இரண்டு வயரில் ஒன்றை மட்டும் கடித்து வைத்திருந்தது. அங்கே ஃபேன் நிற்காமல் ஓடியது, பேட்டரி இறங்கும் அளவுக்கு. நிற்காமல் ஓடும் ஃபேனுக்கும் இதே வழியில்தான் காரணம் தேட வேண்டும்: சென்சார் அறுந்து ஈசிஎம் பயந்திருக்கும், அல்லது ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே தங்கும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால் வயர் சுற்றிய நாடாவில் பல் பட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

நேர் கரன்ட்டுக்கும் மோட்டார் எடுக்கவில்லை என்றால், அதன் முதுகில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போதுதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி வருகிறது, ரிப்பேரா, புதுசா. மோட்டாரின் மூடியை வளைத்துப் பூட்டிய காதுகளை நிமிர்த்தித் திறக்க முடிந்தால் பிரஷ் மாற்றலாம். பிரஷ் அளவு துல்லியமாக இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் தேய்த்துப் பொருத்தலாம், சிறிதாக இருந்தால் ஆடும். ஆர்மேச்சர் என்கிற சுற்றும் பாகத்தின் செம்புப் பட்டைகளை மெல்லிய பேப்பரால் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைச் சுத்தம் செய்து, இரண்டு புஷ்ஷிலும் எண்ணெய் ஊறவிட்டுப் பூட்ட வேண்டும். செம்பில் ஆழமாகக் கோடு விழுந்திருந்தாலோ, ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினாலோ ரிப்பேர் வேண்டாம். ஆர்மேச்சருக்குக் காயில் கட்டி ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. சுற்றும் வேகத்தில் எடை சமன் தப்பினால் அதிர்வு எடுத்து இறக்கை ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

புதுசு என்று முடிவானாலும் முழு செட் எதற்கு? இறக்கையும் பிளாஸ்டிக் கவரும் உடையாமல் இருந்தால் மோட்டார் மட்டும் வாங்கினால் போதும், அது தனியாகக் கிடைக்கிறதா என்று ஸ்பேர் கடையில் கேளுங்கள். உங்கள் மாடலுக்குத் தனியாக வருகிறதா என்பது எனக்கு உறுதியில்லை, சில மாடலுக்குச் செட்டாகத்தான் தருகிறார்கள். விலை குறைந்த மோட்டார் வாங்கும்போது அது இழுக்கும் கரன்ட் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சேலத்துச் சமவெளியில் சமாளித்துவிடும் மெலிந்த மோட்டார் மலையில் கைவிட்டுவிடும். மாட்டிய பிறகு ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள், அது உள்ளே இழுக்கப்பட்டு ஒட்ட வேண்டும். பறந்து வந்தால் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கிறது, ஃபேன் தலைகீழாகச் சுற்றி எதிர்க்காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கவர் இல்லாமல் மாட்டித் தருகிறவர்களும் உண்டு, சம்மதிக்காதீர்கள். கவர் இல்லையென்றால் ஃபேன் எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கக் காற்றை இழுக்கும், ரேடியேட்டர் முழுவதும் காற்று ஊடுருவாது.

ஃபேன் நன்றாகவே சுற்றியும் காற்று போகாமல் இருப்பது இன்னொரு வகை. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மாக்னசைட் சுரங்கத்துப் பக்கம் தினமும் போய்வரும் வண்டிகளில் வெள்ளைத் தூள் அப்பி, மழை பட்டு இறுகி, ஃபின்கள் என்கிற மெல்லிய தகடுகள் சுவர் எழுப்பினது போல ஆகிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும், அழுக்கு முழுக்கப் பின்னால் இருக்கும். இரண்டையும் பிரித்து, குழாய்த் தண்ணீரை உள்ளிருந்து வெளியே பாய்ச்சிக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பைப்பை நேராக அடித்தால் ஃபின்கள் மடங்கி இருக்கிற வழியும் அடைந்துவிடும். கப்ளரில் தண்ணீர் புகுவதும் அந்த பைப்பால்தான்.

வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதக் கோடை விழா நாட்களில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். முள் பாதியைத் தாண்டியதும் ஏசியை நிறுத்திப் பார்ப்பதுதான் வழக்கம், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே சரி. ஃபேன் ஓடவில்லை என்றால் நேர்மாறாக ஒரு நிமிஷம் ஏசியைப் போட்டுப் பாருங்கள், அந்த வழியில் உத்தரவு போய் ஃபேன் ஓடத் தொடங்கலாம். அதற்கும் ஓடவில்லையென்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். சிவப்பை நெருங்கினால் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆற வேண்டும். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிடும். விவரம் தெரிந்தவர் கூட இருந்தால் ரிலேயைப் பிடுங்கி, அந்த சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு துளைகளையும் ஃபியூஸ் போட்ட கெட்டி வயரால் இணைக்கலாம். ஃபேன் விடாமல் ஓடும், வீடு வந்து சேரலாம். நிறுத்தியதும் அந்த வயரை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி இருக்காது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. முள் ஒரு தடவை சிவப்பைத் தொட்டிருக்கிறது. அந்தச் சூட்டில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தப்பித்ததா என்பது ஃபேனைச் சரிசெய்த பிறகுதான் தெரியும். நாளுக்கு நாள் கூலன்ட் குறைகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டேங்கில் விடாமல் குமிழி வருகிறதா, ஆயில் மூடியின் அடியில் பாலாடை மாதிரி படிகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். அது மெக்கானிக் வேலை, என் தொழில் அந்த வாசலில் முடிகிறது. மூன்றில் ஒன்று தென்பட்டாலும் நல்ல இன்ஜின் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், மலைக்குப் போக வேண்டாம்.

வேலை முடிந்ததும் வண்டியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே ஏசி இல்லாமல் இன்ஜினை ஓட விட்டு உட்காருங்கள். கால் மணி, இருபது நிமிஷத்தில் ஃபேன் தானாகப் பிடிக்கும், ஓரிரு நிமிஷம் ஓடி நிற்கும், மறுபடி பிடிக்கும். மூன்று தடவை பிடித்து நிற்பதைக் கண்ணால் பாருங்கள், முள் நடுவைத் தாண்டக் கூடாது. பிறகு ஏசி போட்டு ஒரு தடவை. அது தேறினால் ஒரு சாயங்காலம் தனியாகக் கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரம் போய், ஐந்தாறு வளைவு ஏறி, அகலமான இடத்தில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கி நின்று ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் கேட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகலாம்.